குளியலறைக்குள் நாற்பது இரவுகள்

நாற்பது பகலும் நாற்பது இரவும் நான் ஒரு குளியலறைக்குள் அடைபட்டுக் கிடந்தேன். உள்ளே இருந்தபடியே நான்கு குழந்தைகளுக்குச் சோறாக்கிப் போட்டேன், ஒருத்திக்கு டயப்பர் மாற்றினேன், இரண்டு போர்களை நிறுத்தினேன், அமெரிக்க அரசாங்கத்து அதிகாரி ஒருவரை வரவேற்றேன். இத்தனையும் கதவைத் திறக்காமல். இத்தனையும் காலை ஒன்பதரைக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் நடுவில்.

நம்பாவிட்டால் போங்கள். அது நடந்துகொண்டிருந்தபோதே, நடந்த இடத்துக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று சாதித்த ஆள் ஒருத்தி இருந்தாள். என் அக்கா நெய்ஜோன். அவளையே பார்த்தவன் நான். நீங்கள் எந்த மூலைக்கு?

என் பெயர் ஹெமோஸ். ஆர்னோ தீவுக்காரன். முப்பத்தோரு வருடம் கொப்பரை ஏற்றும் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தேன். அந்த அறையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் முதுகு வேகும். அதிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, இனி எந்த அறையும் என்னை அடைக்க முடியாது என்று எங்கள் தலைநகர் மஜூரோவின் துறைமுகத்தில் நின்று கத்தினேன். கடல் மட்டும்தான் கேட்டது. அதுவும் சிரித்திருக்கும்.

ஐந்து வருடத்துக்கு முன் என் மகள் ஹெர்டினா அமெரிக்காவில் அர்கன்சாவிலிருந்து கூப்பிட்டாள். அவளுடைய மூத்த பெண் ஜோலினாவுக்கு முதல் பிறந்தநாள் விருந்து, கெமெம். தாத்தா இல்லாமல் கெமெம் ஏது? இரண்டு வாரத்துக்கு வந்தேன். விருந்து முடிந்து பெட்டி கட்டும்போது, "அப்பா, வயித்துல ரெட்டை" என்றாள். அந்த இரட்டையரின் கெமெம் முடியட்டும் என்று இருந்தேன். அது முடிந்தது. இன்னொருத்தி வந்தாள், மேரா. அவளுடைய கெமெமுக்கு இன்னும் இரண்டு மாதம் பாக்கி. என் பெட்டி இன்றைக்கும் சோபாவுக்குப் பின்னால் கட்டியபடிதான் நிற்கிறது. இரட்டையர்கள் அதன்மேல் ஏறிக் குதித்து அதைத் தோணியாக்கிவிட்டார்கள்.

ஆர்னோவில் தாத்தா என்றால் யார் தெரியுமா? பாயில் படுத்துப் பொய் சொல்கிறவர். பேரப்பிள்ளைகள் அவர் வயிற்றின்மேல் உட்கார்ந்து, "கிழவா, நீ புளுகுற" என்று சொல்லலாம். வேறு யாரும் சொல்ல முடியாது. தாத்தா ஒன்று கேட்டால் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வராது. ஜோலினா பிறந்த சேதி வந்ததும் போனில், "அவ எனக்கு" என்றேன். ஹெர்டினா சரி என்றாள். எங்கள் வழக்கப்படி அத்தோடு முடிந்தது, அவள் என் பிள்ளை. இங்கே தாத்தா என்றால் ஃபிரிட்ஜில் ஒட்டிய ஒரு தாள். ஒன்பது மணி, பால். பத்து மணி, தூக்கம். பதினொன்று, இரட்டையருக்கு டிவி, அரைமணி மட்டும். மகளும் மருமகன் டெல்பியும் விடியும் முன் கோழி ஆலைக்குப் போய்விடுவார்கள். அங்கே வரிசையில் நிற்கும்போது போனைத் தொடக் கூடாது. அவர்கள் திரும்பும்வரை அந்தத் தாளுக்கு நான் கூலியாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு தப்பு செய்தேன். எங்கள் தீவில் அது தப்பே இல்லை. ஆறு வயது ஜோலினா, கைக்குழந்தை மேராவை இடுப்பில் வைத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் காற்றாட நடந்தாள். பின்னால் இரட்டையர்கள் லான்வியும் லைஜோவும். நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதானிருந்தேன். எங்களில் ஆறு வயதுப் பெண்ணின் இடுப்பில் குழந்தை இல்லாவிட்டால்தான் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். இங்கே யாரோ போன் போட்டுவிட்டார்கள்.

குழந்தைகளின் நலம் பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். உயரமென்றால் உயரம், எங்கள் ஊர்த் தென்னைகள் பார்த்தால் வெட்கப்படும். கூடவே மொழிபெயர்க்க எங்கள் தீவுப் பெண் ஒருத்தி, டெமிலா. அந்த அம்மா சொன்னது ஒன்றுதான்: பெரியவர் ஒருவர் எப்போதும் பிள்ளைகளோடு வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஜனவரி பதினாலாம் தேதி இரண்டு மணிக்கு மறுபடி வருவேன். அன்றைக்கு அப்படி ஒருவர் இருந்தால் விசாரணைத் தாளை மூடிவிடுவேன். இல்லையென்றால் பிள்ளைகள் அன்று ராத்திரியே வேறு வீட்டில் தூங்குவார்கள்.

வேறு வீடு. நான் கேட்டு வாங்கிய ஜோலினா, என் பிள்ளை. அந்தத் தாளில் அதற்கு ஒரு கட்டம் கூட இல்லை.

ஹெர்டினா பயந்துபோய், ஒரு கிழவன் போதாது என்று மஜூரோவிலிருந்து இன்னொரு ஆளையும் விமானம் ஏற்றிக் கொண்டுவந்தாள். அதுதான் நெய்ஜோன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பிள்ளைகளுக்குப் பெரியபாட்டி.

இரண்டு படுக்கையறை. ஒரே ஒரு குளியலறை. அக்காவும் தம்பியும்.

"அடிப் பாவி, யோசிச்சியா?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்பா, இது அமெரிக்கா. யாரு பாக்கப்போறா?"

யார் பார்க்க வேண்டும்? நாங்கள் இருவர் போதாதா? எங்களில் அக்கா தம்பி ஒரே பாயில் உட்காருவதில்லை, ஒருவர் காதுபட ஒருவர் கேலி பேசுவதில்லை. இடுப்புக்குக் கீழே உள்ள எந்தச் சங்கதியும் எங்கள் இருவருக்கும் நடுவே உலகத்திலேயே இல்லை. தம்பி அந்த இடத்துக்குப் போயிருக்கிறான் என்று அக்காவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் இரண்டு பேருமே தலை நிமிர முடியாது. ஆர்னோவில் தொல்லை இல்லை, கடற்கரை நீளம். யார் எழுந்து போனாலும் மீன் பார்க்கப் போனதாக அர்த்தம். அறுபது வருடத்தில் அவள் என்னோடு நேராகப் பேசியது பதினோரு வார்த்தை. அதில் ஏழு சூரை மீனைப் பற்றி.

ஆகவே அவள் வந்த நாளிலிருந்து, அவசரம் என்றால் கோட்டை மாட்டிக்கொண்டு, "வானம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரேன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கீழ்வீட்டு நண்பன் ஐசென் வீட்டுக் குளியலறைக்குப் போய்வருவேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை வானம் பார்த்தேன். பனி எப்போது கொட்டும் என்று இந்தக் குடியிருப்பில் என்னிடம்தான் வந்து கேட்பார்கள்.

ஜனவரி பதினாலு. அதிகாரி அம்மா வருகிறார், பிள்ளைகள் வெளுத்த துணியில் இருக்க வேண்டும் என்று நெய்ஜோன் விடிந்ததுமே கூடையைத் தூக்கிக்கொண்டு சலவைக் கடைக்குப் போய்விட்டாள். ஐசென் சர்க்கரை வியாதிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான், அவன் வீடு பூட்டு. குளிரால் பள்ளிக்கூடம் லீவு, ஜோலினாவும் வீட்டில். மேரா தூங்கினாள். அக்கா வர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். சொந்த வீட்டுக் குளியலறையை இரண்டே நிமிடம் உபயோகித்துக்கொள்ளலாமே என்று நினைத்தேன்.

வெளியே வரக் கைப்பிடியைத் திருகினேன். அது கையோடு வந்தது. மறுபக்கத்துக் கைப்பிடி வெளியே தரையில் விழுந்து உருண்டது. டெல்பி எட்டு மாதமாக 'நாளைக்கு' சரிசெய்வதாகச் சொன்ன கைப்பிடி.

"தாத்தா, கதவோட மூக்கு விழுந்துடுச்சு," என்றாள் ஜோலினா வெளியிலிருந்து.

"எடுத்து அந்த ஓட்டைல சொருகு."

"லைஜோ எடுத்துக்கிட்டு ஓடிட்டான்."

அதற்குப் பிறகு அந்தக் கைப்பிடியை ஒருவரும் பார்க்கவில்லை. லைஜோ விழுங்கிவிட்டான் என்றுதான் நான் இன்றும் சந்தேகிக்கிறேன்.

ஜன்னல் இல்லாத அறை அது. தொட்டிக்கும் கதவுக்கும் நடுவே ஒரு இறால் திரும்பலாம், நண்டு திரும்ப முடியாது. தோளால் இடித்தேன், தோள்தான் நகர்ந்தது. போன் சோபாவில், அதில் இரட்டையர்கள் விளையாடிச் சார்ஜ் தீர்ந்திருந்தது. போதாக்குறைக்கு விளக்கின் சுவிட்ச் வெளியே. லான்விக்கு அது தெரிந்துபோயிற்று.

"தாத்தா, ராத்திரி!" டக். இருட்டு.

"டேய், போடுடா!"

"தாத்தா, விடிஞ்சிடுச்சு!" டக்.

நாற்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ண மனம் வரவில்லை. விளையாட்டாகச் சொல்கிறேன், ஆனால் அந்த ஒவ்வொரு இருட்டிலும் என் மூச்சு சின்னதாகிக்கொண்டே போனது. கப்பலில் எஞ்சின் அறைக்கு மேலே ஓர் ஏணி உண்டு. ஏணிக்கு மேலே வானம் உண்டு. இங்கே கூரையில் ஒரு காற்றாடி, அது யாரோ தூங்குவதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாக நான் இருந்த இடம்தான் இது, இன்றைக்குத்தான் கதவு தெரிகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டேன். வெளியே மேரா எழுந்து அழ ஆரம்பித்திருந்தாள்.

ஜோலினாவைக் கதவின் அடியிடுக்குக்குக் கூப்பிட்டேன். அவளுடைய ஒற்றைக் கண் தெரிந்தது.

"என்ன கிழவா?"

"பாப்பாவ இங்க தூக்கிட்டு வா. டயப்பர் கொண்டா. பசை இருக்கிற பக்கம் முதுகுக்குக் கீழ."

"நாத்தம்!"

"எனக்கு மட்டும் மல்லிப்பூ வாசனையா வருது இங்க? மாத்துடி."

மாற்றினாள். முதலில் பாப்பாவின் தலைக்கு, பிறகு சரியான இடத்துக்கு. அப்புறம் சோற்றுக் குக்கரில் அரிசியும் தண்ணீரும் போடச் சொல்லி, விரலை நுழைத்து முதல் கணு வரை தண்ணீர் பார்க்கச் சொல்லி, பொத்தானை அழுத்த வைத்தேன். அவள் விரல் சின்னது என்பதை மறந்துவிட்டேன். சோறு அரைவேக்காடு. எனக்கும் சாப்பாடு வந்தது: கதவிடுக்கு வழியே உடைத்த காய்ந்த நூடுல்ஸ், மேலே சிவப்புச் சர்பத்துப் பொடி. சிறையில்கூட இதைப் போடமாட்டார்கள். ஒன்று விடாமல் தின்றேன்.

பதினொன்றரைக்கு வாசற்கதவு திறந்தது. நெய்ஜோனின் செருப்புச் சத்தம். நான் கல்லானேன்.

"எங்க உங்க தாத்தா?"

"பாத்ரூம்ல மாட்டிக்கிட்டார், பெரியபாட்டி! கதவு தெறக்கல!"

கூடை தரையில் விழுந்தது. அதன்பின் நான் கேட்டது திரும்பிப் போகும் செருப்புச் சத்தம். வாசலைத் தாண்டிப் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். வெளியே குளிரென்றால், பேச்சு உறைந்து விழுந்தால் காலில் அடிபடும், அப்படிக் குளிர். வாசற்கதவைத் திறந்தே வைத்தாள், பிள்ளைகள் கண்ணில் படவேண்டுமே. குளிரெல்லாம் உள்ளே வந்தது, என்வரைக்கும் வந்தது.

"உங்க தாத்தா வெளிய போயிருக்கார்," என்று படியிலிருந்து குரல் வந்தது.

"இல்ல, பாத்ரூம்ல—"

"வெளிய போயிருக்கார்னு சொல்றேன்ல. மீன் பாக்க."

"இங்க ஏது பாட்டி மீனு?"

"அதான் தேடிப் போயிருக்கார்."

கட்டட மேலாளரை அழைத்து வந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அழைக்கப் போனால் எதற்கு என்று கேட்பான். தம்பி இன்ன இடத்தில் மாட்டிக்கொண்டான் என்று அந்த வாயால் எப்படிச் சொல்வாள்? நானும் கத்தவில்லை. அவள் காதில் விழுகிற தூரத்தில் அந்த அறையிலிருந்து என் குரல் கேட்பதா? நான் உள்ளே அடைபட்டேன், அவள் வெளியே அடைபட்டாள். இரண்டு கதவுக்கு நடுவே நான்கு பிள்ளைகள். இரண்டு கிழங்கள் காவலுக்கு வந்த வீட்டில் காவலுக்கு ஒரு ஆள் இல்லை.

அதற்கப்புறம் நடந்த ராஜதந்திரத்தை ஐக்கிய நாடுகள் சபை படிக்க வேண்டும்.

"ஜோலினா," என்பாள் அக்கா, "தாத்தா ஒருவேளை வழியில எங்கயாவது எதிர்ப்பட்டா, பாப்பா பால் ஃபிரிட்ஜ்ல ரெண்டாவது தட்டுன்னு சொல்லு."

ஜோலினா கதவுக்கு வருவாள். "தாத்தா, பால் ரெண்டாவது தட்டு."

நான் கிசுகிசுப்பேன்: "சூடு பண்ண வேணாம், வெதுவெதுப்பு போதும்னு பெரியபாட்டி கேட்டா சொல்லு."

"பாட்டி, வெதுவெதுப்பு போதுமாம்."

"யாரு சொன்னது?"

"மீனு."

ஒரு சிரிப்பு படியில் இடறி விழுந்த சத்தம் கேட்டது. சத்தியம். சரி, இருமலாகவும் இருக்கலாம்.

இரட்டையர்கள் ஒரு தலையணைக்கு இரண்டு முறை போரிட்டார்கள். சோற்றில் உப்பில்லை என்று லைஜோ அழுதான். மேராவுக்கு நான் கதவில் விரலால் தாளம் போட்டேன், எஞ்சின் மெதுவாக ஓடும்போது வரும் அந்தத் தாளம். கதவுக்கு மறுபக்கம் ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். அவளுடைய மூச்சு இடுக்கு வழியாக என் கால் விரலில் பட்டது. மணி ஒன்றே முக்கால். இவளுக்கு இன்று ராத்திரி யார் வீட்டில் தொட்டில்? தாளம் போட்ட விரலை நிறுத்தப் பயந்தேன், இரண்டு மணி வந்துவிடுமோ என்று. நிறுத்தாமலே வந்தது.

கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். அதிகாரி அம்மாவின் குதிகால் செருப்பு படியேறியது. டெமிலாவின் குரல், அப்புறம் நெய்ஜோன் எழுந்து அவர்களோடு உள்ளே வரும் சத்தம்.

"குழந்தைகளோட யார் இருந்தாங்கன்னு கேக்கறாங்க," என்றாள் டெமிலா.

"நான்தான்."

"நீங்க வெளிய படியில உக்காந்திருந்தீங்களாம். உள்ள பெரியவங்க யார்னு கேக்கறாங்க."

"தாத்தா! பாத்ரூம்ல!" என்று மூன்று குரல் ஒன்றாக எழுந்தது.

டெமிலாவும் எங்கள் பெண்தானே. அக்காவை எதிரே வைத்துக்கொண்டு அந்த வார்த்தையை எப்படி எடுப்பாள்? ஆங்கிலத்தில் ஏதோ முனகினாள். தாத்தா ஓய்வெடுக்கிறார் என்றாளாம், பிறகு என்னிடம் சொன்னாள்.

எந்த அறையில் என்று கேட்டார் அம்மா. டெமிலா கூரையைப் பார்த்தாளாம்.

நான் பொறுக்க முடியாமல் தண்ணீர்க் குழாயை மூன்று தட்டு தட்டினேன். கப்பலில் அதற்கு 'ஆள் இருக்கேன்' என்று அர்த்தம்.

"அது என்ன சத்தம்?"

"குழாய்," என்றாள் நெய்ஜோன். "பழைய கட்டடம்."

"நெஜமா உள்ள யாரும் இல்லயா?"

"யாரும் இல்ல. என் தம்பி வெளிய போயிருக்கான்."

தாள் புரளும் சத்தம். டெமிலா மெதுவாக, வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள். "அவங்க எழுதறாங்க, பாட்டி. இரண்டு மணிக்கு வந்தப்போ நாலு குழந்தைகளும் வீட்டுக்குள்ள தனியா இருந்தாங்கன்னு. ஒரு போன் பண்ணணுமாம். பசங்களுக்கு ராத்திரிக்கு ஒரு பை கட்டி வைக்கச் சொல்றாங்க."

மேரா கதவடியில் புரண்டாள்.

அறுபது வருடம் நான் காத்த வரம்பு அது. என் அம்மா செத்த அன்றுகூட அக்காவும் நானும் வீட்டின் இரண்டு கோடியில், வேறு வேறு பாயில்தான் உட்கார்ந்தோம். வாயைத் திறந்தேன், மூடினேன். மறுபடி திறந்தேன்.

"டெமிலா!" என்றேன். அக்காவைக் கூப்பிடவில்லை, பாருங்கள், டெமிலாவைத்தான். "நான் ஹெமோஸ். உள்ளதான் இருக்கேன். கைப்பிடி போச்சு. ஒன்பதரைலேர்ந்து இருக்கேன்."

அதிகாரி அம்மா துள்ளியது தரை அதிர்ந்ததில் தெரிந்தது. அப்புறம் வேகமாக என்னென்னவோ கேட்டார்.

டெமிலா அதை அக்காவிடம் சொன்னாள். "பாட்டி, உள்ள ஒரு ஆம்பளக் குரல் கேக்குது, நீங்க யாரும் இல்லேங்கிறீங்க. அப்ப அது யாரோ தெரியாதவன்னா போலீஸக் கூப்பிடணுங்கறாங்க. கொழந்தைங்க சொல்றத வச்சு எழுத முடியாதாம். பெரியவங்க ஒருத்தர் சொல்லணும். உள்ள இருக்கறது யாரு? எப்பலேர்ந்து? காலையிலேர்ந்து பசங்களப் பாத்துக்கிட்டது அவரா? அப்படின்னா இந்தத் தாள இப்பவே மூடிடறேன்னு சொல்றாங்க. நீங்கதான் சொல்லணும்."

நான் இருட்டில் நின்றேன். ஆமாம், லான்வி அந்த நேரம் பார்த்துத்தான் ராத்திரியாக்கினான்.

ஒரு செருப்புச் சத்தம். இன்னொன்று. பத்தடிக்கு இப்பால் வராத செருப்பு அது. கதவருகே வந்து நின்றது. அவள் குனிந்து மேராவைத் தூக்கியது அவளுடைய நீளமான பூப்போட்ட அங்கியின் சரசரப்பில் தெரிந்தது. சுவிட்ச் டக் என்றது. வெளிச்சம் வந்தது.

"என் தம்பி," என்றாள் நெய்ஜோன். "பேரு ஹெமோஸ். பாத்ரூம்லதான் இருக்கான்."

டெமிலா மொழிபெயர்த்தாள். அம்மா இன்னொரு கேள்வி கேட்டார்.

"சோறு, பால், டயப்பர், தூங்க வச்சதுன்னு இந்தப் பொண்ணு என்னென்னவோ சொல்லுது. கதவுக்கு உள்ள இருந்துக்கிட்டே ஒருத்தர் இதெல்லாம் செஞ்சார்ங்கறத நம்பச் சொல்றீங்களான்னு கேக்கறாங்க."

"நானும்தான் நம்பல," என்றாள் என் அக்கா. "கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தேன், இல்லேன்னு சொல்லிக்கிட்டே உக்காந்திருந்தேன். எழுதிக்கச் சொல்லும்மா. எல்லாம் நடந்தது."